தூக்குத் தீர்ப்பும் ஜனாதிபதியின் கையெழுத்தும்

மயிலிட்டி மீன்பிடித் துறைமுகத்தில் உள்ளூர் வள்ளங்களோடு தமிழ்நாட்டு இழுவைப் படகுகளும் கிடக்கின்றன. எல்லை தாண்டியதாகக் கடற்படை பிடித்துக் கொண்டுவந்து கட்டியவை. வெயிலிலும் உப்புக் காற்றிலும் பலகை உக்கி, பெயின்ற் உரிந்து நிற்பவை. படகு இங்கேயே நின்றாலும், பிடிபடும் மீனவர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் வடகடலில் பிடிபட்ட ஐந்து மீனவருக்கு இலங்கை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்ததும் உண்டு.

2011 நவம்பர் 28 அன்று தங்கச்சிமடத்து மீனவர் ஐவரைக் கடற்படை கைது செய்தது. ஹெரோயின் கடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே வழக்கில் இலங்கையர் மூவரும் எதிரிகள். 2014 ஒக்டோபர் 30 அன்று கொழும்பு மேல் நீதிமன்றம் எட்டுப் பேருக்கும் மரண தண்டனை விதித்தது. இராமேசுவரம் தீவு கொதித்தது. பஸ்கள் எரிந்தன, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, டில்லி கொழும்போடு பேசியது. நவம்பர் 19 அன்று, தீர்ப்பு வந்து இருபதே நாளில், அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் மன்னிப்பில் ஐவரும் வெளியே வந்தார்கள். கூடவே தண்டனை பெற்ற இலங்கையர் மூவர் அந்த மன்னிப்பில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்காகத் தொலைபேசியை எடுக்க எந்தப் பிரதமரும் இருக்கவில்லை.

மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் இலங்கையில் பெரும்பாலும் குற்றத்தின் கொடூரத்திலேயே நின்றுவிடுகிறது. தண்டனை பெற்றவர் பிறகு என்ன ஆனார், அவரின் விதியைத் தீர்மானித்தது யார் என்ற கேள்விக்கு அது வருவதில்லை. வந்தால்தான் விஷயம் வெளிக்கும்.

தண்டனைச் சட்டக் கோவையின் 296 ஆம் பிரிவின்படி கொலைக்கு மரண தண்டனை. குற்றவாளி எனக் கண்டபின் வேறு தண்டனை கொடுக்கச் சாதாரணமாக நீதிபதிக்கு இடமில்லை. போதைப்பொருள் சட்டத்தின் 1984 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டு கிராம் ஹெரோயினும் ஒருவரைத் தூக்குத் தீர்ப்பு வரை கொண்டுபோகலாம். யாழ்ப்பாணத்தில் இந்தத் தீர்ப்பு வாசிக்கப்படும்போது மன்றின் மின்விளக்குகளை அணைப்பதும், ஒப்பமிட்ட பேனாவை நீதிபதி முறித்துப் போடுவதும் வழக்கம். கேட்டுக்கொண்டிருக்கும் சனத்துக்கு உடல் சிலிர்க்கும். ஆனால் 1976 ஜூன் 23 க்குப் பிறகு இந்த நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஜனாதிபதி கையெழுத்திடாமல் தூக்குமேடைக் கதவு திறக்காது. அந்தக் கையெழுத்து அன்றிலிருந்து எவரையும் தூக்குமேடைக்கு அனுப்பவில்லை.

ஒருமுறை அனுப்பப் பார்த்தது. மரண தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானத்துக்கு 2018 டிசம்பரில் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அடுத்த வருடமே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடக் கையெழுத்திட்டுவிட்டதாக அறிவித்தார். தூக்கிலிடும் அலுகோசு வேலைக்கு விளம்பரம் போட்டு ஆட்களைத் தேடினார்கள். நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 2019 ஜூலை 5 அன்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அதே சிறிசேன, பதவியை விட்டுப் போகும் தறுவாயில், றோயல் பார்க் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த வசதியான குடும்பத்து இளைஞருக்கு மன்னிப்பு வழங்கினார். ஒரே ஆள், ஒரே வருடம், இரண்டு விதமான கையெழுத்து.

இந்தக் கையெழுத்தின் முழுக் கனத்தையும் தாங்கிய ஊர் மிருசுவில். 2000 டிசம்பர் 19 அன்று, உடுப்பிட்டியில் இடம்பெயர்ந்திருந்த மிருசுவில்காரர் சிலர் விட்டுவந்த வீடு வளவைப் பார்க்கப் போனார்கள். இராணுவத்திடம் அகப்பட்டார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவன் ஐந்து வயதுச் சிறுவன். ஒருவர் மட்டும் காயங்களோடு தப்பி ஓடிவந்து சொன்னதால்தான் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன.

விட்டுவந்த வீட்டைப் பார்க்க ஏன் போனார்கள் என்று மயிலிட்டி ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990 ஜூன் 15 இல் ஊரை விட்டு ஓடி, 2017 ஜூலை 3 இல் இராணுவத்திடமிருந்து துறைமுகப் பகுதி விடுவிக்கப்படும்வரை 27 வருடம் காத்திருந்தவர்கள் அவர்கள். வேலிக்கு அப்பால் கிடக்கும் சொந்தக் காணியை ஒருக்கால் எட்டிப் பார்க்கவேண்டும் என்ற ஏக்கம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஏக்கத்தோடு போனவர்கள்தான் மிருசுவிலில் வெட்டப்பட்டார்கள்.

வழக்கு இழுபட்டு இழுபட்டு 2015 ஜூன் 25 அன்று தீர்ப்புக்கு வந்தது. எதிரிகளான ஐந்து இராணுவத்தினரில் நால்வர் விடுவிக்கப்பட்டனர். சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மட்டும் மரண தண்டனை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அதை உறுதிசெய்தார்கள். பாதிக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நாட்டு நீதிமன்றத்தில் கடைசிவரை நின்று கிடைத்த மிகச் சில தீர்ப்புகளில் அது ஒன்று. ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. கொரோனா ஊரடங்கில் நாடே முடங்கிக் கிடந்த 2020 மார்ச் 26 அன்று, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் மன்னிப்போடு ரத்நாயக்க சிறையை விட்டு வெளியேறினார்.

அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரை மன்னிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குக் கொடுக்கிறது. மரண தண்டனை என்றால் ஒரு நடைமுறையும் சொல்கிறது: விசாரித்த நீதிபதியின் அறிக்கை பெறவேண்டும், சட்டமா அதிபரின் ஆலோசனை வேண்டும், நீதி அமைச்சரின் பரிந்துரை வேண்டும். கொல்லப்பட்டவரின் குடும்பத்தைக் கேட்கவேண்டும் என்று மட்டும் எழுதப்படவில்லை. 2024 இல் உயர் நீதிமன்றம் இரண்டு மன்னிப்புகளை ரத்துச் செய்தது. ஒன்று கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற துமிந்த சில்வாவுக்குக் கோட்டாபய வழங்கியது, மற்றது றோயல் பார்க் வழக்கில் சிறிசேன வழங்கியது. ஜனாதிபதியின் மன்னிப்பும் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று நீதிமன்றம் சொன்னது பெரிய விஷயம்.

அப்படியென்றால் கொலையாளிகளைத் தூக்கில் போட்டிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்குமா? ‘இல்லை’ என்கிறது செம்மணி.

கைதடிச் சோதனைச் சாவடியில் 1996 செப்டெம்பர் 7 அன்று சுண்டுக்குளி மாணவி கிருசாந்தியும், அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். இக்கொலைகளுக்காக 1998 ஜூலையில் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினரில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, நீதிமன்றத்தில் வைத்தே ஒன்றைச் சொன்னார்: செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன. 1999 இல் தோண்டியபோது கிடைத்தவை 15. பிறகு எல்லாம் மூடப்பட்டது. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அகழ்வில் 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒன்றின் அருகே நீலநிறப் புத்தகப்பை. அந்த ஆகஸ்ட் மாதம், சிறையிலிருக்கும் சோமரத்ன ராஜபக்ச சர்வதேச விசாரணையில் சாட்சியம் சொல்லத் தயார் என்று அவருடைய மனைவி ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். மேன்முறையீடு தோற்ற 2004 இலேயே அவரைத் தூக்கிலிட்டிருந்தால், புதைத்தவர் யார், கட்டளையிட்டவர் யார் என்று சொல்லக்கூடிய ஒரு வாய் அன்றே அடைபட்டிருக்கும். கட்டளையிட்டவர்களுக்கு அதைவிட வசதி வேறென்ன?

பிழையான தீர்ப்பு என்ற பயமும் வடக்கு கிழக்கில் வெறும் ஏட்டுப் பேச்சல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி பொலிஸ் உதவி அத்தியட்சகர் தரத்து அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும். சிங்களம் தெரியாத சிங்கராசா என்பவருக்கு, சிங்களத்தில் எழுதிப் பெருவிரல் அடையாளம் வாங்கிய வாக்குமூலத்தை வைத்து 1995 இல் 50 வருடச் சிறை விதிக்கப்பட்டது. அந்த விசாரணை நியாயமானதல்ல என்று 2004 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கண்டது. உயிரோடு இருந்ததால்தான் அவரால் அதுவரை போராட முடிந்தது.

புங்குடுதீவில் 2015 மே மாதம் மாணவி வித்தியா கொல்லப்பட்டபோது யாழ்ப்பாணம் தெருவுக்கு வந்து தூக்குக் கேட்டது. 2017 செப்டெம்பர் 27 அன்று ட்ரயல் அட் பார் மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தபோது பலருக்கு நெஞ்சு ஆறியது. அந்தக் கோபத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் கேட்பதற்கு ஈடாக இந்தச் சட்டம் கொடுப்பது என்ன? நடக்காத ஒரு தூக்கு, என்றைக்கும் வரக்கூடிய ஒரு மன்னிப்பு. குறைந்தது இத்தனை வருடம் என்று நீதிபதியே வரையறுத்து, எந்த ஜனாதிபதியாலும் இரவோடிரவாக அழிக்க முடியாத ஆயுள் தண்டனை அவர்களுக்கு இதைவிட நேர்மையான பதில். மன்னிப்பு வழங்கினால் காரணத்தை வெளியிடவேண்டும், குடும்பத்தை முதலில் கேட்கவேண்டும் என்ற விதியும் அதோடு வரவேண்டும். வடக்கு கிழக்கு உறுப்பினர்கள் கட்சி பாராமல் இதைக் கேட்கவேண்டும். 34 ஆவது உறுப்புரையை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. 296 ஆம் பிரிவைத் திருத்தப் பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையே போதும்.