வெயில் ஏறுமுன் கோழிக்குத் தடுப்பூசி

பிசான அறுவடை முடிந்து, களத்தில் சிந்திய நெல்லைக் கோழிகள் பொறுக்கித் தின்னும் காலத்திலேயே கோழிக்கழிச்சலுக்கும் முன்னேற்பாடு செய்துவிட வேண்டும். பயிரைப் பற்றி எழுதுகிறவருக்குக் கோழியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு உதவும் பத்துக் கோழிகளும் ஒரே வாரத்தில் மடிந்தால், அந்த நட்டத்தை நாம் கணக்கில் எழுதுவதே இல்லை.

1927-ஆம் ஆண்டு குமாவுன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இதை இராணிக்கெட் நோய் என்பார்கள். இது நச்சுயிரியால் வருவது. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கை தொங்கும். தப்பிப் பிழைத்த சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. மிளகும் சீரகமும் அரைத்துக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது.

ஒரு கோழி விழுந்ததும் மற்றவற்றைச் சந்தையில் தள்ளிவிடுகிறோம். கொடைக்கென்று அங்கே வாங்கிய சேவல் நோயை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகிறது. வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனிப் பஞ்சாரத்தில் அடைத்துக் கவனியுங்கள். செத்ததை வாய்க்காலில் எறியாமல் சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் லசோட்டா மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். எட்டு வாரம் ஆனதும் இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழ் அரை மில்லி ஊசி. எட்டு வாரத்துக்கு முன் இந்த ஊசி போடலாகாது. மருந்தை ஐஸ்கட்டியோடு கொண்டுவந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்திற்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயில் பட்ட மருந்து வீண். வழக்கமாகப் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இதற்கு இலவச முகாம் நடத்துகிறது. கோழிகளைக் காலையில் திறந்து விடாமல் அடைத்து வைத்திருந்தால் பிடிப்பது எளிது.

ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்கம் செய்வது நல்லது. எச்சத்தோடு விழும் புழு முட்டை ஈர மண்ணில் பல மாதம் கிடக்கும்; குப்பையைக் கிளறும் கோழி அதையும் சேர்த்தே விழுங்குகிறது. ஆகவே மழைக்குப் பின்னும் ஒருமுறை, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், புழு மருந்து கொடுங்கள்.

உண்ணி விஷயம் வேறு. அது பகலில் கோழியின் மேல் இராது. கூட்டின் சுவர் வெடிப்பில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். தீனியின்றியே பல மாதம் தாங்கும். எனவே கோழிக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. வெடிப்புகளைப் பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். பழைய மரக்கூடாயின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி வெயிலில் உலர்த்துங்கள்.