பதிவும் புகாரும்: மீ டூ தந்த துணிவு, சட்டம் தரும் வழி

2018 அக்டோபரில் இந்தியாவில் வேகமெடுத்த மீ டூ இயக்கம், பணியிடப் பாலியல் தொல்லையை வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் வெளிப்படையாகப் பேசும் விஷயமாக்கியது. அமெரிக்காவில் 2006-இல் தரானா பர்க் தொடங்கிய முயற்சி, 2017-இல் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான புகார்கள் வெளிவந்தபோது ஹேஷ்டேக்காக உலகமெங்கும் பரவியது. இங்கே நடிகை தனுஸ்ரீ தத்தா தம் பழைய புகாரை மீண்டும் எழுப்பியதும், பத்திரிகை, திரைத்துறை, பல்கலைக்கழகம் எனப் பல துறைப் பெண்கள் அடுத்தடுத்துப் பேசினர். தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று ஆண்டுக்கணக்கில் ஒருத்தி மனத்தில் பூட்டி வைத்திருந்தது, அதே ஆளால் வேறு பலருக்கும் நேர்ந்தது என்று தெரியவந்ததே இந்த இயக்கத்தின் பெரிய பலன்.

பத்திரிகையாளர் பிரியா ரமணியின் வழக்கு இதற்குச் சான்று. அவர் அப்போதைய மத்திய இணையமைச்சர் எம்.ஜே. அக்பரின் பெயரைச் சொன்னதும் வேறு பல பெண்களும் அக்பர் மீது புகார் கூறினர். குற்றச்சாட்டுகளை மறுத்த அக்பர் பதவி விலகினார். ரமணி மீது குற்றவியல் அவதூறு வழக்கும் தொடுத்தார். 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பெண்ணின் கண்ணியத்தைப் பலிகொடுத்து ஒருவரின் நற்பெயரைக் காக்க முடியாது, பல பத்தாண்டுகள் கழிந்தாலும் தான் விரும்பும் எந்த மேடையிலும் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றது தீர்ப்பு. அதை எதிர்த்து அக்பர் மேல்முறையீடு செய்தார்.

தீர்ப்பு ஆறுதலானது. ஆனால் அதற்காக ரமணி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவராக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. தமிழ்த் திரையுலகில் 2018-இல் புகார் சொன்ன பாடகி சின்மயி, அடுத்த மாதமே டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். பெயர் குறிப்பிட்டு எழுதுகிறவர் அவதூறு வழக்கையும், வேலை இழப்பையும், இணைய வசையையும் எதிர்பார்த்தே எழுத வேண்டியிருக்கிறது. சொன்னது உண்மை, பொதுநலனுக்காகச் சொன்னது என்பது அவதூறு வழக்கில் ஏற்கப்படும் எதிர்வாதம். அதை நிலைநாட்டத் தேதியோடு குறித்துவைத்த விவரம், குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள், அப்போதே விஷயத்தை அறிந்த தோழியின் சாட்சியம் ஆகியவை கைகொடுக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் மூலச் செய்தியை அழிக்கக் கூடாது.

பலர் அறியாத ஆபத்து வேறொன்று. சமூக ஊடகப் பதிவு சட்டத்தின் பார்வையில் புகார் ஆகாது. பதிவுக்கு விருப்பக்குறிகள் சேர்ந்துகொண்டிருக்கும்போதே புகாருக்கான கெடு கரைந்துவிடும். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். காவல் நிலையத்தில் தனியாகப் புகார் தரும் உரிமையும் உண்டு. ஆனால் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களை மூன்று ஆண்டுக்குப் பின் நீதிமன்றம் பொதுவாக விசாரணைக்கு ஏற்பதில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். பேச்சுவழக்கில் அது விசாகா கமிட்டி. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ, மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார்தாரரைத் தண்டிக்க முடியாது; இதை அறியாமல் அஞ்சி ஒதுங்குவோர் ஏராளம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: புகார் தந்த பிறகு அதன் உள்ளடக்கத்தையும் தொடர்புடையவர் அடையாளத்தையும் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. எனவே பதிவிடுவதா, எப்போது, எவ்வளவு என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுப்பது பாதுகாப்பு.

இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் ராஜஸ்தான் கிராமமொன்றில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி. அதற்காக 1992-இல் அவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டித் தொடரப்பட்ட வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அப்படிப்பட்ட பெண்களை ஹேஷ்டேக் இன்னும் எட்டவில்லை. ஆங்கிலமும் பின்தொடர்வோரும் உள்ளவர் குரலே இணையத்தில் ஓங்கிக் கேட்கிறது. திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021-இல் கொல்லப்பட்டபோது, மாற்றம் வந்தது தொழிற்சங்கத்தின் வழியாக. பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், 2022-இல் உற்பத்தி நிறுவனத்தோடும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களோடும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கண்டது. தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் தளத்திலேயே நின்று தொல்லையைக் கவனித்துப் புகார் தர அது வழிசெய்தது.

வீட்டு வேலை செய்பவரும், பத்துப் பேருக்குக் குறைவான கடையிலோ பட்டறையிலோ வேலை பார்ப்பவரும், முதலாளி மீதே புகார் உள்ளவரும் மாவட்டந்தோறும் அமைய வேண்டிய உள்ளூர்ப் புகார்க் குழுவை நாடலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தந்து உதவுவது குழுவின் கடமை. பெண்களுக்கான 181 உதவி எண்ணில் வழிகாட்டல் கிடைக்கும். மத்திய அரசின் ஷி-பாக்ஸ் இணையதளத்தில் நேரடியாகவும் புகாரைப் பதியலாம்.