கல்பனா: ஜெமினியிலிருந்து பொலோனாவுக்கு

மாரியூர், வாலிநோக்கம் போன்ற கடலோர ஊர்களின் உப்பளக் காற்றில் இரும்புக் கதவு துருப்பிடிப்பதைப் போலத்தான் படச்சுருளும் வெப்பத்திலும் ஈரத்திலும் அழிகிறது. சுருள் சுருங்கும், புளித்த காடி வாடை வீசும், கடைசியில் உருவம் பதிந்த படலமே உரிந்துபோகும். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. இன்று அதற்கு ஒரு பிரதிகூட இல்லை. ஆனால் ‘கல்பனா’ பிழைத்தது. நடன மேதை உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்து 1948-இல் வெளியிட்ட இந்திப் படம் அது. ஒளிப்பதிவு நம் கே. ராம்நாத், நடிகை பத்மினி இளம் வயதில் முதன்முதலில் திரையில் ஆடியதும் அதில்தான். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் காத்துவைத்திருந்த சுருள்களைக் கொண்டு இத்தாலியின் பொலோனா நகரில் அதைச் சீரமைத்தார்கள். 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். 2022-இல் ப்ளூ-ரே வட்டாகவும் வந்தது.

இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே, வட்டு எதற்கு என்று கேட்கலாம். இணையத்தில் உலவும் பழைய படங்கள் பல மங்கிய நகல்கள். படத்தைக் காட்டும் தளத்தின் உரிமைக் காலம் முடிந்தால் நல்ல பிரதியும் ஒரே இரவில் காணாமல் போகும். கையில் இருக்கும் வட்டை யாரும் திரும்பக் கேட்க முடியாது. விலை அதிகம், வீட்டில் ப்ளூ-ரே கருவியும் இல்லை என்பது நியாயமான குறைதான். அதனால்தான் மாவட்ட நூலகங்கள் புத்தகத்தோடு இப்படிப்பட்ட வட்டுகளையும் வாங்கிவைத்து, மாதம் ஒரு மாலையாவது ஊராருக்குப் போட்டுக்காட்ட வேண்டும்.