வருமுன் அறியும் ஆய்வுகள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அடுப்படியில் பிறந்த பழமொழி. பானை முழுவதையும் உண்டு முடித்த பின்னர், சோறு வேகவில்லை என்று கூறுவார் எவருமிலர். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தே முடிவு செய்கிறோம். அறிவியலார் ஆய்வகங்களில் செய்யும் பணியும் ஏறக்குறைய இதுவே. ஒரு வேதிப்பொருள் மனிதரின் மகப்பேற்று ஆற்றலைக் கெடுக்குமா என்பதை, கெட்ட பின்னர் அறிவதா, அதற்கு முன்னரே அறிவதா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

பூட்டும் திறவுகோலும்

நம் உடலிலுள்ள நாளமில்லாச் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன்களை இயக்குநீர் என்று தமிழில் வழங்குகிறோம். இவை குருதியில் கலந்து சென்று, உரிய உயிரணுவை அடைந்து, அங்குள்ள ஏற்பியில் பொருந்துகின்றன. ஏற்பியைப் பூட்டு எனக் கொண்டால் இயக்குநீரைத் திறவுகோல் எனலாம். பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜனும் ஆண்மைக்குரிய ஆண்ட்ரோஜனும் இவ்வாறே தத்தம் பணிகளை ஆற்றுகின்றன.

சில வேதிப்பொருள்கள் கள்ளத் திறவுகோலாக நுழைந்து இப்பூட்டைத் திறந்துவிடுகின்றன. வேறு சில, துளையை அடைத்துக்கொண்டு உண்மைத் திறவுகோலை நுழையவிடாமல் தடுக்கின்றன. இன்னும் சில, இயக்குநீர் சுரக்கும் அளவையே மாற்றிவிடுகின்றன. இவற்றை இயக்குநீர்க் குலைப்பிகள் எனலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். நஞ்சியலின் அடிப்படையும் அதுவே. ஆனால், இங்கு அளவோடு காலமும் சேர்ந்துகொள்கிறது. வளர்ந்தவருக்குத் தீங்கு செய்யாத அளவு, கருவில் உறுப்புகள் உருவாகும் சில நாள்களில் தீராத் தீங்கை விளைவிக்கக்கூடும். அத்தீங்கும் பிறந்தவுடன் வெளிப்படுவதன்று. குழந்தை வளர்ந்து பருவமெய்தி, மணமாகி மகப்பேற்றை நாடும்போதுதான் பல வேளைகளில் தெரியவருகிறது. ஆகவே, மனிதரிடம் சான்று கிடைக்கட்டும் என்று காத்திருப்பது ஒரு தலைமுறையைப் பலியிடுவதாகும்.

ஒரு மருந்தின் வரலாறு

இது வெறும் அச்சமன்று; நிகழ்ந்த வரலாறு. 1938-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கினர். கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில், 1940-களிலிருந்து அமெரிக்காவில் இது கருவுற்ற தாய்மார்க்கு வழங்கப்பட்டது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் முறையாக ஆராய்ந்து, இம்மருந்து கருச்சிதைவைத் தடுக்கவில்லை என்று நிறுவினர். அதன் பின்னரும் அது நிறுத்தப்படவில்லை.

பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், இளம்பெண்களிடம் அரிதினும் அரிதான ஒருவகைப் புற்றுநோய் காணப்பட்டது. தாம் கருவுற்றிருந்தபோது உட்கொண்ட மருந்து இதற்குக் காரணமாகுமோ என்று முதலில் வினவியவர் நோயாளிப் பெண் ஒருவரின் தாயே ஆவார். ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் முதலான மருத்துவர்கள் ஆராய்ந்து 1971-இல் முடிவை வெளியிட்டனர். எட்டு நோயாளிகளுள் எழுவரின் தாய்மார் அம்மருந்தை உட்கொண்டிருந்தனர். ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட 32 பெண்களின் தாய்மாருள் ஒருவர்கூட உட்கொண்டிருக்கவில்லை.

புற்றுநோய் சிலருக்கே வந்தது; மகப்பேற்று இடர் பலரைத் தாக்கியது. 2011-இல் வெளியான ஆய்வின்படி, கருவில் இம்மருந்துக்கு ஆட்பட்ட பெண்களுள் 33 விழுக்காட்டினர் குழந்தைப்பேற்றுத் தடைக்கு உள்ளாயினர். ஆட்படாதவருள் அது 15 விழுக்காட்டளவே.

இங்கு நாம் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. 1939-ஆம் ஆண்டளவிலேயே சிகாகோ ஆய்வாளர்கள், சூலுற்ற எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருள்களைக் கொடுத்து, குட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகள் பிறழ்ந்து அமைவதைக் கண்டு எழுதியிருந்தனர். ஆய்வகம் எச்சரித்தது, கேட்பார்தாம் இலராயினர்.

ஆய்வு செய்யும் முறைகள்

இன்றைய ஆய்வுகள் படிப்படியாக அமைந்துள்ளன. முதற்படி, கண்ணாடிக் குழாயில் நிகழ்வது. ஒரு பொருள் ஏற்பியில் பொருந்துகிறதா, பொருந்தி உயிரணுவைத் தூண்டுகிறதா, இயக்குநீர் உற்பத்தியை மாற்றுகிறதா என்று வளர்ப்பணுக்களில் பார்க்கின்றனர். இதனால் குறுகிய காலத்தில் மிகப்பல பொருள்களைச் சலித்தெடுக்க முடிகிறது.

இரண்டாம் படி, விலங்குகளிடம் செய்யும் குறுகியகாலச் சோதனை. சூலகம் நீக்கப்பட்ட பெண் எலியின் கருப்பை, ஈஸ்ட்ரோஜன் இன்றிச் சுருங்கிவிடும். அவ்வெலிக்கு ஐயத்திற்குரிய பொருளைக் குறைந்தது மூன்று நாள் கொடுத்து, பின்னர்க் கருப்பையை எடைபோடுகின்றனர். எடை கூடியிருப்பின் அப்பொருள் ஈஸ்ட்ரோஜனாக வேலை செய்கிறது என்பது தெளிவு. ஆண்மை இயக்குநீர் பற்றிய சோதனையில், விதைகள் நீக்கப்பட்ட ஆண் எலிக்குப் பத்து நாள் கொடுத்து ஐந்து உறுப்புகளை எடைபோடுகின்றனர்.

மூன்றாம் படியே முடிவானது. சூலுற்ற எலிக்குப் பொருளைக் கொடுத்து, பிறக்கும் குட்டிகளை வளர்த்து, அவை பருவமெய்துவதையும் ஈனுவதையும் கண்காணிப்பது. இதற்குக் காலமும் செலவும் மிகுதி. உயிர்களும் பல தேவை. ஆதலின் முதலிரு படிகளிலும் ஐயத்தைத் தோற்றுவித்த பொருள்களையே இதற்குத் தெரிந்தெடுக்கின்றனர்.

எதிர்பாராது கிடைத்த அறிவும் உண்டு. பாஸ்டனில் ஆனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் என்னும் இருவர் மார்பகப் புற்றணுக்களை வளர்த்து ஆய்ந்து வந்தனர். ஈஸ்ட்ரோஜன் இருந்தால் மட்டுமே பெருக வேண்டிய அவ்வணுக்கள், ஒருமுறை அது சேர்க்கப்படாமலே பெருகின. காரணத்தைத் தேடினர். அவர்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து கசிந்த நானைல்ஃபீனால் என்னும் பொருளே அது என்பதைக் கண்டு 1991-இல் வெளியிட்டனர். உயிரணுப் பெருக்கமே ஒரு சோதனை முறையாகவும் வளர்ந்தது.

சோதனையின் எல்லை

ஒரு சோறு பதம் என்றாலும், எடுத்த சோறு அதே பானையினதாக இருக்க வேண்டுமன்றோ? வின்குளோசோலின் என்னும் பூஞ்சைக்கொல்லியைக் காண்போம். அது தன்னளவில் ஆண்ட்ரோஜன் ஏற்பியில் வலுவாகப் பொருந்துவதில்லை. உடலுக்குள் சென்று மாற்றமுற்ற பின்னரே, அதன் விளைபொருள்கள் ஏற்பியை அடைத்துக்கொள்கின்றன. சூலுற்ற எலிகளுக்கு அதனைக் கொடுத்தபோது, ஆண் குட்டிகள் பெண்மை அடையாளங்களோடு பிறந்ததை 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தனர். உடலின் மாற்றங்களைக் கணக்கில் கொள்ளாத குழாய்ச் சோதனை, இத்தகைய பொருளைக் குற்றமற்றது என விடுவித்துவிடக்கூடும்.

மற்றோர் எல்லையும் உண்டு. சோதனையில் பொருள்கள் தனித்தனியே வருகின்றன. வாழ்க்கையிலோ கூட்டமாக வருகின்றன. 2002-இல் இலண்டன் ஆய்வாளர்கள் வலுவற்ற எட்டுப் பொருள்களை எடுத்துக்கொண்டனர். தனித்து நின்றபோது விளைவேதும் காட்டாத சிற்றளவுகள், ஒன்றுகூடியபோது தெளிவான விளைவைக் காட்டின. சிறுதுளி பெருவெள்ளம் என்பது தீமைக்கும் பொருந்துகிறது.

கேட்பதற்குச் செவி வேண்டும்

எல்லைகள் உளவென்று ஆய்வைப் புறந்தள்ளுதல் முறையன்று. நாம் முன்னர்க் குறித்த டாட்ஸ், 1936-இலேயே பிஸ்பினால்-ஏ என்னும் பொருள் எலிகளிடம் ஈஸ்ட்ரோஜன் போல் செயற்படுவதைக் காட்டினார். பின்னாளில் அதே பொருள் பிளாஸ்டிக் தொழிலுக்குள் நுழைந்து, குழந்தையின் பால் புட்டி வரை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் பால் புட்டிகளில் அதனைத் தடைசெய்த ஆண்டு 2011. இடையில் கழிந்தவை 75 ஆண்டுகள்.

அமெரிக்க நாட்டில், பூச்சிக்கொல்லிகளை இந்நோக்கில் ஆராய வேண்டும் என்ற சட்டம் 1996-இல் இயற்றப்பட்டது. சோதனைக்கான முதல் ஆணைகள் பிறந்தது 2009-இல். 52 பொருள்களின் முதற்கட்ட முடிவுகள் வெளிவந்தது 2015-இல். அதற்குள், சட்டம் பிறந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் கல்லூரிப் பருவத்தை எட்டிவிட்டனர்.

எனவே குறை ஆய்வகத்தில் மட்டும் இல்லை. ஆய்வு கூறுவதற்கும் நாம் கேட்பதற்கும் இடையே உள்ள தொலைவே பெருங்குறை. மக்கட்செல்வம் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பர் நம் பெரியோர். அமானிதத்தைக் காப்பவன், அது கெட்ட பின் வருந்துவதோடு அமையான். கெடாமற் காக்கும் வழியைத் தேடுவான். அறிவியல் பயிலும் மாணவர்கள் இத்துறையில் புகுந்து, சோதனைகளைச் செம்மையாக்க வேண்டும். தமிழ் பயிலும் மாணவர்கள் அம்முடிவுகளைத் தாய்மார்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். பிறவாத குழந்தைக்குப் பேச நாவில்லை. அதற்காகப் பேசும் கடமை நம்முடையது.