தொம்பை: பாட்டன் கட்டிய தானியக் கூடு

மலையாளிப் பழங்குடியினரின் சேமிப்புக் கூடு, கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்

மூங்கிலைப் பிளந்து பின்னி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிய கூடு. ஈரமும் எலியும் அண்டாதபடி தரையிலிருந்து தூக்கி அமைப்பார்கள். பூச்சைக் கையாலேயே வழிப்பதால் விரல் போன தடம் காய்ந்த பிறகும் தெரியும்.

இதை நிரப்ப வீட்டுப் பெரியவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சரிவில் கல் பொறுக்கி, ஏர் ஓட்டி, சாமை விதைத்து, காட்டுப்பன்றி புகாமல் இரவெல்லாம் காவல் கிடப்பார். அறுப்பு முடிந்ததும் முதலில் விதைக்கு எடுத்து வைப்பார், மிச்சம்தான் அடுப்புக்கு. வயிறு காய்ந்த மாதங்களிலும் விதையில் கை வைக்க மாட்டார். மகனும் பேரனும் விதைக்க வேண்டுமே! தூற்றிப் புடைத்து நல்ல மணியைத் தேர்ந்த பாட்டிமாரின் கையும் இதில் உண்டு.

கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, சுருட்டைக் கேழ்வரகு: இந்த ரகங்களெல்லாம் இப்படிக் காக்கப்பட்டவைதான்.

பின்னாளில் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. அது கையில் ரொக்கம் தந்தது. பிள்ளைகளைக் கரையேற்ற நினைத்த தகப்பன்மார் அதற்கு மாறியதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாமைக் காடு சுருங்கியது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானியப் பாதுகாப்பைத் தொடங்கியது. ஊர்களில் விதை வங்கிகள் உருவானபோது, அவற்றுக்கு முதல் கைப்பிடி விதை வந்தது தொம்பை இருந்த வீடுகளிலிருந்துதான்.