இரண்டாவது பெட்டிக்கு என்ன தெரியும்?

ஒரு அனல் மின் நிலையத்தின் பாய்லர் டிரம்மை நினைத்துப் பாருங்கள். அதில் தண்ணீர் மட்டம் இறங்கினால் குழாய்கள் சூடேறி வெடிக்கும். ஏறினால் நீராவியோடு தண்ணீரும் போய் டர்பைனைத் தாக்கும். இரண்டும் நேராமல் மட்டத்தைப் பிடித்து வைத்திருப்பது ஒரு கன்ட்ரோலர். மட்டத்தை ஓயாமல் படித்து, கணக்குப் போட்டு, வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அது நின்றுபோனால் பொறுப்பேற்கத்தான் பக்கத்தில் இன்னொன்று, ஸ்டாண்ட்பை.

இந்த இரண்டாவது பெட்டியை வாங்கி வைப்பது சுலபம். அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதில்தான் வேலையே இருக்கிறது. இரண்டிலும் ஒரே புரோகிராம் இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வால்வு இப்போது 60 சதவீதம் திறந்திருக்கிறது என்றால், அது இந்த நொடியின் மட்டத்தை மட்டும் பார்த்து எடுத்த முடிவாகாது. இருக்க வேண்டிய மட்டத்துக்கும் (செட் பாயின்ட்) இருக்கும் மட்டத்துக்கும் இதுவரை இருந்த வித்தியாசங்களையெல்லாம் கூட்டிச் சேர்த்த ஒரு தொகை, கன்ட்ரோலர் போடும் பிஐடி என்ற கணக்குக்குள் இருக்கிறது, இன்டெக்ரல் என்பார்கள். சீராக ஓடும் பாய்லரில் வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம்தான். வால்வைத் திறந்து பிடித்திருப்பதில் அந்தத் தொகைக்குப் பெரும் பங்கு உண்டு. அதை அறியாத கன்ட்ரோலர் பொறுப்பேற்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்கி வால்வை மூடப் பார்க்கும். புரோகிராமில் ஒரு பிழையும் இருக்காது, ஆனாலும் பாய்லர் ட்ரிப் ஆகும்.

அதனால் முதன்மைக் கன்ட்ரோலர் ஒவ்வொரு கணக்குச் சுற்றிலும் மாறிய மதிப்புகளை மற்றதற்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது: இன்டெக்ரல், ஓடும் டைமர்கள், ஆபரேட்டர் மாற்றிய செட் பாயின்ட் எல்லாமே. இரட்டை நாகஸ்வரத்தில் ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் அதே சுரத்தில் எடுப்பதுபோல, கை மாறியது வால்வுக்குத் தெரியக்கூடாது. இந்தப் பரிமாற்றத்துக்கு நேரம் பிடிக்கும், சுற்றும் கொஞ்சம் நீளும். கொடுக்க வேண்டிய விலைதான்.

செத்துப்போன கன்ட்ரோலரைக் கண்டுபிடிப்பது எளிது. உயிரோடு இருந்து தப்பாகக் கணக்குப் போடுவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஜப்பானின் யோகோகாவா நிறுவனம் 1993-ல் கொண்டுவந்த சென்டம் சிஎஸ் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குச் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் ஒவ்வொரு கன்ட்ரோலர் கார்டிலும் இரண்டு புராசஸர்கள் ஒரே கணக்கைப் போடும். விடை ஒத்துப்போகவில்லையென்றால், யார் சரி என்று வாதாடாமல் அந்தக் கார்டே விலகி, பக்கத்துக் கார்டிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும்.

இன்னொரு சிக்கல், இரண்டுக்கும் நடுவேயுள்ள கேபிள் அறுந்தால் வருவது. முதன்மை செத்துவிட்டது என்று நினைத்து ஸ்டாண்ட்பையும் வால்வுக்குக் கட்டளையிடத் தொடங்கினால் ஒரு வால்வுக்கு இரண்டு எஜமானர்கள். அதனால்தான் நல்ல அமைப்புகளில் வேறொரு வழியாகவும் விசாரித்துவிட்டுத்தான் ஸ்டாண்ட்பை எழும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் காப்பாற்றாத ஒரு பழுது உண்டு: இரண்டுக்கும் பொதுவான பழுது. 1996 ஜூன் 4 அன்று கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட்டில், திசையறியும் கருவிகள் இரண்டு இருந்தன. வன்பொருளும் மென்பொருளும் ஒன்றே. முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்த ஒரு நிரல், 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கப் போய்த் தடுக்கி விழுந்தது. முதலில் நின்றது பேக்கப். அடுத்த 72 மில்லி நொடிக்குள் அதே காரணத்தால் முதன்மையும் நின்றது. கிளம்பி 40 நொடிக்குள் ராக்கெட் சிதறியது. ஆலையிலும் இதுதான் கதை. ஒரு புரோகிராம் பிழை முதன்மையை நிறுத்தினால், அதே புரோகிராமும் அதே மதிப்புகளும் கொண்ட ஸ்டாண்ட்பையும் அதே வரியில் நிற்கும். இரண்டு ரேக்குக்கும் ஒரே பிரேக்கரிலிருந்து கரன்ட் போனாலும், மட்டத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அப்படித்தான்.

உங்கள் ஆலையில் இப்படியொரு ஜோடி இருந்தால், திட்டமிட்ட ஷட்டவுன் வரும்போது ஓடும் கன்ட்ரோலரின் பவரை நிறுத்திப் பாருங்கள். ஸ்டாண்ட்பை ஏற்றுக்கொள்கிறதா, வால்வு அசைகிறதா என்று ட்ரெண்டில் கவனியுங்கள். பிறகு பொறுப்பைத் திரும்பக் கொடுத்து, மறுபக்கத்தையும் அதேபோலச் சோதியுங்கள். ஸ்டாண்ட்பை தகுதி இழந்ததைச் சொல்லும் அலாரம் ஆபரேட்டர் திரையில் வருகிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.