பொதியைக் கைவசம் வைத்துக்கொள்வது எப்படி?

2016 மார்ச் 22 அன்று, 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரிப் பொதியை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான என்பிஎம் கிடங்கிலிருந்து விலக்கிக்கொண்டார். சொல்லுக்கு முன்னால் இடைவெளி போன்றவற்றை நிரப்புவதுதான் அதன் மொத்த வேலை. ஆனாலும் பேபல் உட்பட ஆயிரக்கணக்கான திட்டங்களை நிறுவ முடியாமல் போனது.

வில்லியனூர் போன்ற ஓர் ஊரில் மழைக்கு இணையம் போனாலும் கதை இதுதான். இதற்கு வழி, பொதியின் நகலை நம் கணினியிலேயே ஒரு ஃபோல்டரில் வைப்பது. பிறகு பேக்கேஜ்.ஜேசான் கோப்பில் பதிப்பு எண்ணுக்குப் பதிலாக 'ஃபைல்:' என்று தொடங்கி, அந்த ஃபோல்டரின் பாதையை எழுத வேண்டும்.

சூட்சுமம் இங்கேதான். என்பிஎம் இயல்பாக ஃபோல்டரை நகலெடுப்பதில்லை. நோட்_மாட்யூல்ஸுக்குள் ஒரு சுட்டியை மட்டும் வைக்கிறது. அதனால் மூலத்தில் ஒரு வரி திருத்தினால் நம் திட்டத்திலும் அது உடனே மாறிவிடும். வசதிதான். ஆனால் நோட்.ஜேஎஸ் அந்தச் சுட்டியின் உண்மையான இடத்துக்கே போய், அங்கிருந்து மேல்நோக்கித்தான் மற்ற பொதிகளைத் தேடும். அந்த ஃபோல்டரில் தனியாக ஒரு ரியாக்ட் இருந்தால் இரண்டு ரியாக்ட்டுகள் ஏறிக்கொள்ளும். ஹூக் பிழை வந்து மண்டையைக் குடையும்.

அப்போது 'என்பிஎம் பேக்' கட்டளையால் பொதியை ஒரே கோப்பாகக் கட்டி, அதை நிறுவுங்கள். நிஜமான நகல் கிடைக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்தப் பொதி சார்ந்திருக்கும் மற்ற பொதிகள் அப்போதும் கிடங்கிலிருந்துதான் இறங்கும்.